கை நீட்டாத அப்பா

எண்பதுகளில் பாலாநகரில், விமானங்களுக்கான கருவிகள் செய்யும் அரசு ஆலை ஒன்றில் நான் தரப் பரிசோதகனாக இருந்தேன். அடுத்தவர் செய்துவைத்ததில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். எனக்கு அது பிறவியிலேயே வரும் என்று என் மனைவி சொல்வாள். ஆனால் ஆலையில் எனக்கு இருந்த பெயருக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், சின்ன வயதில் அப்பாவிடம் அடிவாங்கிய கதைகளைச் சொல்வேன். அதைக் கேட்பதற்காகவே வேறு பிரிவுக்காரர்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேஜைக்கு வருவார்கள். முதுகில் வாங்கியதை வைத்து இவ்வளவு புகழ் சம்பாதித்தவன் ஹைதராபாத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டது பெல் கதையை. நான் ஐந்தாவது படித்தபோது நடந்தது. அன்றைக்குக் கணக்குத் தாள் கொடுத்திருந்தார்கள். அப்பா வாசலில் நின்றபடியே, "போய் பெல்ட்டை எடுத்துட்டு வாடா" என்றார். பெல்ட் என்பது அவர் ரயில்வே பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போகும் காக்கிக் கால்சட்டையின் அகலமான தோல்பட்டை. நான் நேராகச் சைக்கிளிடம் போய், திருகாணியைக் கழற்றி, மணியை எடுத்துவந்து இரண்டு கையாலும் பவ்வியமாக நீட்டினேன். "பெல் கேட்டீங்களேப்பா!"

அப்பாவாகவும் நானாகவும் மாறி மாறி நடிப்பேன். எதிரில் உட்காரும் தெலுங்கு நண்பர் ஒருவர் புரையேறிச் சிரிப்பார். நூறு தடவை கேட்டிருந்தாலும் நூற்றியோராவது தடவையும் அவருக்குப் புரையேறும்.

கேன்டீனில் கதை அந்த இடத்தோடு முடிந்துவிடும். சிரிப்பு வந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது எனக்குத் தெரியும். நிறுத்தாமல் போனால் அடுத்து வருவது இது. அப்பா மணியை வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தார். பிறகு, கன்னத்தோடும் காதோடும் சேர்த்து ஓர் அறை. பெல்ட்டை அதற்கப்புறம் அவரே போய் எடுத்துக்கொண்டார். அன்று முதல் என் இடது காது மந்தம். ஆலையில் சேரும்போது மருத்துவர், "இது எப்ப இருந்து?" என்று கேட்டார். "சின்ன வயசுல குளத்துல குதிச்சேன் சார்" என்றேன். நாங்கள் இருந்த மல்காஜ்கிரி தெருவில் அப்போது குழாயிலேயே தண்ணீர் வராது. குளத்துக்கு எங்கே போவது?

அப்பா குடிக்க மாட்டார். சீட்டாட மாட்டார். திருச்சிப் பக்கத்திலிருந்து பட்டறை வேலைக்கு வந்து, ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகாத மனிதர். அவர் சைக்கிளை நிறுத்தும் சத்தத்திலேயே அன்றைய நிலவரம் எனக்குத் தெரிந்துவிடும். ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் தப்பித்தேன். சைக்கிள் சுவரில் மோதிச் சாயும் சத்தம் கேட்டால், ஒரு டிராயருக்கு மேல் இன்னொரு டிராயர் போட்டுக்கொண்டு புத்தகத்தின் முன் உட்கார்ந்துவிடுவேன். மதிப்பெண்ணோ, உடைந்த டம்ளரோ, தமிழில் கேட்டதற்கு ஹிந்தியில் பதில் சொன்னதோ, ஏதாவது ஒன்று காரணமாகக் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டாலும் அடி நின்றுவிடாது.

நாங்கள் இருந்தது வரிசை வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் அப்பாவின் குரல் ஏறியதும் அம்மா முதல் காரியமாக ஜன்னலைச் சாத்துவார். பிறகு சமையலறைக்குப் போய்விடுவார். எல்லாம் முடிந்ததும் தேங்காயெண்ணெயைச் சூடுபண்ணி எடுத்துவந்து முதுகில் தடவுவார். "நீயும் அவரைக் கோபப்படுத்தாம இருந்தா என்னடா?" என்பார். எண்ணெய் இதமாக இருக்கும். அதனால் கேள்வி நியாயமாகவே தோன்றும்.

ஒரே ஒரு தடவை, பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். எங்கள் வீட்டுக்குள் அதற்கு முன் அவர் கால் வைத்ததில்லை. "கைக்கு மார்ரே ஜீ பச்சேக்கு? நக்கோ!" என்று கத்தினார். குழந்தையை எதற்காக அடிக்கிறீர்கள், வேண்டாம் என்று. அப்பா கையில் பெல்ட்டோடு, தனக்குத் தெரிந்த ஹிந்தியில், "ஹமாரா லட்கா" என்றார். எங்கள் பையன்.

"தோ க்யா?" என்றார் அந்த அம்மாள். அதனால் என்ன?

அப்பாவிடம் அதற்குமேல் ஹிந்தி இல்லை. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், டீயும் தொட்டுக்கொள்ள பிஸ்கட்டும் கொடுத்தார். அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். எனக்காக ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்தது அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு அம்மா ஜன்னலோடு சேர்த்துக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தார்.

கேன்டீனில் நான் சொல்லாத கதை இன்னொன்று உண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அப்பா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருந்தார். அம்மா என்னிடம் டிபன் கேரியரைக் கொடுத்தனுப்பினார். பட்டறை வாசலுக்கு உள்ளே கொஞ்ச தூரத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவரைவிடப் பத்து வயதாவது சின்ன ஆள் ஒருவர், கழுத்தில் டை கட்டியவர், அவரை ஆங்கிலத்தில் திட்டிக்கொண்டிருந்தார். கையிலிருந்த ஏதோ காகிதத்தை அப்பாவின் மார்பில் எறிந்தார். அது கீழே விழ, அப்பா குனிந்து எடுத்து, தூசி தட்டி, அவரிடமே திருப்பிக் கொடுத்து, "எஸ் சார்" என்றார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார்.

என் வாழ்க்கையில் வாங்கியதிலேயே பெரிய அடி அன்று சாயங்காலம் விழுந்தது. அன்றைக்கு நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். இரண்டு டிராயர் போட்டுக்கொள்ளவும் நேரம் கிடைக்கவில்லை.

இவ்வளவையும் வாங்கிக்கொண்டு வளர்ந்தவன் ஒரு சபதம் எடுப்பது வழக்கம். நானும் எடுத்தேன். கல்யாணமான முதல் வாரமே மனைவியிடம், "நமக்குப் பிறக்கிற குழந்தை மேல என் கை படாது" என்றேன். "நல்லது" என்றாள். அவளிடமிருந்து இன்னும் கொஞ்சம் பாராட்டை எதிர்பார்த்தேன்.

சபதத்தைக் காப்பாற்றினேன். என் மகள் மேல் ஒருநாளும் கை நீட்டியதில்லை. அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். காந்தியவாதியைப் போல ஒரு தோரணைகூட வந்துவிட்டது. போலாரத்தில் பழைய பங்களா ஒன்றின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சக ஊழியர்கள் குடும்பத்தோடு சாப்பிட வருவார்கள். கேன்டீன் இல்லாத நாளில் கலைஞன் என்ன செய்வான்? கையில் கிடைத்ததை வைத்துக் கச்சேரி நடத்துவான். எனக்குக் கிடைத்தது என் மகளின் தமிழ்.

அவளுக்கு அப்போது எட்டு வயது. தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் ஹிந்தியும். வீட்டுக்குள் வரும்போது மூன்றும் தமிழோடு கலந்துவிடும். "டீச்சர் வந்துச்சு, போர்டுல எழுதுச்சு" என்பாள். வாழைப்பழம் அவள் வாயில் வாலப்பலம். "எனக்கு பூக் ஆகுது" என்றால் பசிக்கிறது என்று அர்த்தம். ஐந்து வயதில் எல்லோரும் ரசித்தோம். எட்டு வயதில் நான் அதை மேடையேற்றினேன். விருந்தாளிகள் முன்னால் அவளைக் கூப்பிட்டு, "நேத்து என்னம்மா சாப்பிட்டே, மாமாவுக்குச் சொல்லு" என்பேன். அவள் சொல்வாள். உடனே நான் அவள் குரலிலேயே, அவள் தலையாட்டுவதைப் போலவே தலையாட்டித் திருப்பிச் சொல்வேன். கூடம் அதிரும். சில நாட்களில் அவளும் சிரிப்பாள். அதைப் பார்த்து, 'என்னைப் போலவே நகைச்சுவை உணர்ச்சி' என்று பெருமைப்பட்டேன். உண்மையில் அவள் சிரித்தது நான் இரண்டு டிராயர் போட்டுக்கொண்டதைப் போல. இது எனக்குப் புரிய ரொம்ப காலம் ஆனது.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாக்கியங்கள் சுருங்கின. கேட்டால் தலையாட்டினாள். பிறகு தோளை மட்டும் குலுக்கினாள். நான் அதையும் நடித்துக் காட்டினேன். "எங்க வீட்டு மகாராணி வாய் திறந்தா முத்து உதிர்ந்துடும்" என்பேன். மதிப்பெண் குறைந்தால் திட்ட மாட்டேன். முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன், அதை ஆலையில் பழுதான பாகத்தை நிராகரிக்கும் குரலில் உரக்கப் படிப்பேன். கடைசியில், "இந்த உருப்படி தேறாது" என்று மேஜையில் ஓங்கித் தட்டி முத்திரை குத்துவேன். வந்திருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த வருடம் நடுவில் பள்ளியிலிருந்து வரச் சொல்லிச் சீட்டு வந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வகுப்பாசிரியை என்று வந்து நின்றவர் கல்லூரியை அப்போதுதான் முடித்த பெண். 'இந்தச் சின்னப் பெண் எனக்கு என்ன சொல்லிவிடப் போகிறது' என்ற நினைப்போடு உட்கார்ந்தேன். அவர் தெலுங்குக்காரர். ஆங்கிலத்திலும் ஹிந்தியிலுமாகப் பேசிக்கொண்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உங்க மகள் வகுப்புல பேசறதே இல்ல சார்" என்றார். "கேள்வி கேட்டா எழுந்து நிக்கறா. பதில் தெரியுது, நோட்டுல சரியா எழுதிக் காட்டறா. வாயைத் திறக்க மாட்டேங்கறா."

"கூச்ச சுபாவம் மேடம்."

"இல்ல சார். போன வருஷம் இப்படி இல்லேன்னு அந்த டீச்சர் சொல்றாங்க. தனியா கூப்பிட்டுக் கேட்டேன். பேசினா எல்லாரும் சிரிப்பாங்கன்னு சொன்னா. என் வகுப்புல யாரும் அவளைப் பார்த்துச் சிரிச்சதில்ல. அதான் கேக்கறேன். வீட்டுல யார் சிரிக்கறாங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, என்னிடம் இருந்த ஒரே பதக்கத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "மேடம், என் பொண்ணு மேல இதுவரைக்கும் ஒரு அடி விழுந்ததில்ல."

"நான் அடியைப் பத்திக் கேக்கலியே சார்" என்றார் அவர்.

 வாய்ச்சாலத்துக்குப் பேர்போன எனக்கு, ஸ்கூட்டரில் பாதி வழி வந்த பிறகுதான் ஒரு பதில் தோன்றியது. அதுவும் சுமார்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஆசிரியையைப் பற்றிக் குறை சொன்னேன். அனுபவமில்லாத பெண், குடும்ப விஷயத்தில் தலையிடுகிறது என்றெல்லாம். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "சின்னப் பொண்ணா இருந்தாலும் கண்ணு நல்லா இருக்கு" என்றாள்.

"என்ன சொல்றே நீ?"

"நீங்க ஆரம்பிச்சாலே அவ கட்டைவிரலை உள்ள வச்சு கையை மூடிக்கிறா. பார்த்ததில்லையா?"

பார்த்ததில்லை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் கண்டுபிடிக்கிற ஆள் நான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மூணு தடவை சொன்னேன். ஜோக் புரியாத ஜென்மம்னு வந்தவங்க முன்னாடி என்னையும் சேர்த்து ஓட்டினீங்க. அப்புறம் நான் தண்ணி கொண்டு வர்ற சாக்குல உள்ள போயிடுவேன்." பட்டாணித் தோலை ஒதுக்கினாள். "அது தப்புதான். நான் உள்ள போயிருக்கக் கூடாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மல்காஜ்கிரிக்குப் போனேன். அப்பா ஓய்வுபெற்று, அம்மாவோடு அதே தெருவில்தான் இருந்தார். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன கேள்வியைச் சொதப்பாமல் கேட்டுவிட்டேன்.

"அப்பா, என்னை ஏன் அப்படி அடிச்சீங்க?"

"யாரு, நானா?" மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ரெண்டு தட்டு தட்டியிருப்பேன். எந்த அப்பன்தான் தட்டல?"

"இடது காது எனக்குச் சரியா கேக்காது."

"அது ஃபேக்டரி சத்தம்னு நீதானேடா சொன்னே?"

ஆமாம். மருத்துவரிடம் குளம் என்றவன், அவரிடம் ஆலைச் சத்தம் என்று சொல்லி வைத்திருந்தேன். அவருக்கு வருத்தமாக இருக்குமே என்று.

அம்மா நடுவில் வந்தார். "எதுக்கு இப்ப பழசெல்லாம்? அக்கம்பக்கத்துல காதுல விழும்."

அப்பா பேப்பரை மடித்தார்.  பிறகு வேகமாக, யாரோ வழக்குப் போட்டதைப் போலப் பேசினார். "எங்கப்பன் என்னைப் புளியமரத்துல கட்டி வச்சு அடிப்பான். அடிச்சு முடிச்சுட்டு அவுத்து விடாம சாப்பிடப் போயிடுவான். சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து வந்துதான் அவுப்பான். எறும்பு ஏறும். நான் உன்னை ஒருநாளாவது கட்டி வச்சிருக்கேனா? சொல்லு! ஒருநாள்?"

"இல்லப்பா."

"பின்னே?"

அந்தக் குரலில் பெருமை இருந்தது. தன் அப்பா செய்ததைத் தான் செய்யவில்லை என்ற பெருமை. நான் ஆசிரியை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தபோது என் குரலிலும் அதேதான் இருந்திருக்கும். எங்கள் வம்சத்தில் ஒவ்வொருவனும் தன் அப்பனைவிட உத்தமன். தாத்தாவுக்கும் ஒரு சாதனை இருந்திருக்க வேண்டும். அது என்ன என்று கேட்கத்தான் பயமாக இருந்தது.

கிளம்பும்போது, பட்டறை வாசலில் பார்த்ததைச் சொன்னேன். டை கட்டிய ஆளை, காகிதத்தை. அப்பா மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

"அவனை நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.  மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்து வந்திருந்தேனோ என்னவோ. கேட்கவில்லை. தெரு முனைவரை கூடவே நடந்து வந்தார். இதற்கு முன் அப்படி வந்ததில்லை. என் வலது பக்கமாக, நல்ல காது இருக்கும் பக்கமாக நடந்து வந்தார். தற்செயலாகவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து என் மகளைக் கூப்பிட்டேன். எதிரில் உட்காரவைத்து, "நான் உன்னைப் போலப் பேசிக் காட்டினது தப்பும்மா. இனிமே பண்ண மாட்டேன்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கூடத்துப் பக்கம் திரும்பி, அங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தாள். ஒருவரும் இல்லை.

"ஜோக்கா?" என்றாள்.

"இல்லம்மா."

"சரி" என்று எழுந்து போய்விட்டாள்.

நான் எதைச் சொன்னாலும் அடுத்த சில மாதங்களுக்கு அந்தக் கேள்வி வந்தது. உன் சட்டை நன்றாக இருக்கிறது என்றால், ஜோக்கா? சினிமாவுக்குப் போகலாமா என்றால், ஜோக்கா? குரலை எவ்வளவு நேராக வைத்துக்கொண்டாலும் அவள் நம்பவில்லை. உலகத்தில் என்னைக் காமெடியனாக மட்டுமே பார்த்த ஒரே ரசிகை அவள்தான். கேன்டீனில்கூட எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

இரண்டு தடவை மறந்துபோய்ப் பழைய குரல் எட்டிப் பார்த்தது. இரண்டு தடவையும் மனைவி உள்ளே போகவில்லை. அங்கேயே நின்று, "போதும்" என்றாள், விருந்தாளிகள் முன்னாலேயே. வெட்கமாக இருந்தது. வெட்கம் எட்டு வயதில் எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு தெரிந்தது.

கேன்டீனில் அடி கதைகளை நிறுத்தினேன். நண்பர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் வேறொருவன் என் இடத்தைப் பிடித்துக்கொண்டான். அவன் செய்தது, என்னைப் போலவே பேசிக் காட்டுவது. நன்றாகவே செய்தான். புரையேறும் நண்பர் மட்டும் ஒருநாள் ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் என்னை நிறுத்தி, ஏன் கதை சொல்வதில்லை என்று கேட்டார். எதையோ சொல்லி மழுப்பினேன். "எங்க நாயனாவும் அடிப்பார்" என்றார் அவர், தனக்குத் தெரிந்த தமிழில். நாயனா என்றால் அப்பா. "நான் யாருக்கும் சொல்லலே. நீ சொல்லும்போது சிரிச்சா, கொஞ்சம் லேசா இருக்கும்." சொல்லிவிட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அத்தனை வருடம் அவர் எதற்காகச் சிரித்தார் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

என் மகள் மறுபடி பேச ஆரம்பித்தாள். முதலில் வகுப்பில், பிறகு அம்மாவிடம், கடைசியில் என்னிடம். அந்த ஆசிரியை அவளை எதற்கும் அவசரப்படுத்தவில்லை என்பது பிறகு தெரிந்தது. என்னிடம் தமிழில் மட்டும் பேச மாட்டாள். தெலுங்கிலோ ஹிந்தியிலோதான். தமிழை அவளிடமிருந்து பிடுங்கியவன் நான். அதனால் எந்த மொழியில் வந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது ஒருநாள் சாயங்காலம், நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கையில் முன்னால் வந்து நின்றாள். கணக்கில் தோற்றுவிட்டதாக ஹிந்தியில் சொல்லி, அறிக்கையை நீட்டினாள். நானாகக் கண்டுபிடிக்கவில்லை, அவளாகவே வந்து சொன்னாள். என் நாக்கில் மூன்று வாக்கியம் தயாராக இருந்தது. மூன்றும் தரமான சரக்கு. கேட்டவர் யாரும் சிரிக்காமல் இருந்திருக்க முடியாது. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

"எந்தக் கணக்கு வரலேன்னு அப்புறம் பார்க்கலாம். சாப்பிட்டியா?" என்றேன்.

அவள் அங்கேயே நின்றாள். இன்னும் ஏதாவது வருகிறதா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை என்று தெரிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.